அலாய் சக்கரப் பூச்சு: வீட்டில் உரித்தலும் மறுபூச்சும்

1. எல்லை

இங்கே ஆராயப்படுவது அலுமினிய வார்ப்புச் சக்கரம். பேச்சு வழக்கில் அலாய் வீல். இரும்பு ரிம்முக்குத் தனி ஆய்வு தேவையில்லை: துருவைச் சுரண்டி, பிரைமர் ஏற்றி, பெயின்ட் அடித்தால் வேலை முடிந்தது, குறையிருந்தால் வீல் கப் மறைத்துவிடும். முகப்பைக் கடைசல் இயந்திரத்தில் சீவிப் பளபளப்பாக்கிய சக்கரங்களும் இந்த எல்லைக்கு வெளியே நிற்பவை. அந்தக் கடைசல் கோடுகளை உப்புத்தாளால் மீட்க முடியாது. விரிசலோ நெளிவோ உள்ள சக்கரத்துக்குப் பெயின்ட் அடிப்பது ஆபத்தை ஒளித்துவைப்பதாகும்.

2. பூச்சு கெடும் விதம்

தொழிற்சாலைப் பூச்சில் உலோகத்தின் மேல் வேதிப் பதனம், அதன்மேல் பிரைமர், நிறம், கிளியர் கோட் என அடுக்குகள் உண்டு. கல் தெறித்தோ நடைபாதை விளிம்பில் உரசியோ கிளியர் கோட் ஓரிடத்தில் உடைந்தால், அந்த வாய் வழியாக உப்பும் ஈரமும் நுழைகின்றன. பிறகு அரிப்பு படலத்துக்கு அடியிலேயே ஊர்ந்து செல்கிறது. உற்றுப் பார்த்தால் வெண்மையான நூலிழைகள் வளைந்து வளைந்து ஓடுவது தெரியும். இழையின் முனை அமிலத்தன்மையோடு முன்னேறும். வால் பகுதியில் வெள்ளைத் துகள் தங்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்கும் ஈரத்துக்கும் குறைவில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரியும் உரிவை மட்டும் தேய்த்துவிட்டு நிறம் அடித்தால், பக்கத்தில் ஒளிந்திருக்கும் இழை புதிய பூச்சையும் தூக்கிவிடும். எவ்வளவு உரிப்பது என்பதை இந்த இழைகளே தீர்மானிக்க வேண்டும்.

3. உரித்தல்

3.1 மருந்து: பழைய பெயின்ட் ரிமூவர்களின் வேகத்துக்குக் காரணம் டைகுளோரோமீத்தேன். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. உடலுக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாகவும் மாறுகிறது. அமெரிக்கா 2019-இல் பொதுமக்களுக்கான பெயின்ட் ரிமூவர்களில் இதைத் தடைசெய்தது. மூடிய கார் ஷெட்டில் இதைத் திறக்கவே கூடாது. பென்சைல் ஆல்கஹால் வகை மெதுவானது. தடித்த பவுடர் பூச்சில் பல முறை பூச வேண்டிவரும். பொறுமையுள்ளவருக்கு அதுவே ஏற்றது. காஸ்டிக் சோடாவைப் பயன்படுத்தவே கூடாது: அது அலுமினியத்தையே கரைத்து ஹைட்ரஜனை வெளிவிடும்.

3.2 தேய்ப்பு: 80-ஆம் எண் தாளில் தொடங்கி 180, 320 எனப் போகலாம். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். அதன் துகள்கள் மென்மையான அலுமினியத்தில் பதிந்து, பின்னர் துருப் புள்ளிகளாகத் தலைகாட்டும்.

3.3 வெப்பம்: வார்ப்புச் சக்கரங்கள் பலவும் வெப்பப் பதனத்தால் வலுவேறியவை. 400 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூளையில் பூச்சை எரித்தெடுத்தால் அந்த வலு போய்விடும், ஆனால் சக்கரம் பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கும்.

4. மறுபூச்சு

டயரைக் கழற்ற வசதியில்லாதவர்கள் காற்றை இறக்கி, டயருக்கும் ரிம்முக்கும் இடையில் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வரிசையாகச் செருகுவதுண்டு; மறைப்பு நாடாவைவிட அது ஒழுங்காக நிற்கும். விளிம்புக் கீறலுக்குப் பட்டி மெல்லியதாகப் போதும். தேய்த்த அலுமினியம் உடனே ஆக்சைடு படலம் கட்டும் என்பதால், எண்ணெய்ப் பசையைத் துடைத்த கையோடு எட்ச் பிரைமர் அடித்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு சிக்கல் உண்டு: வேகமாக ஆவியாகும் தின்னர் பரப்பைக் குளிர்வித்து ஈரத்தை இழுக்க, லேக்கர் வெளுத்துப்போகும். வெயில் ஏறிய பிறகு, மெல்லிய அடுக்குகளாக அடிப்பதே வழி.

கிளியர் கோட்டில் ஹார்டனர் கலக்கும் 2கே வகைதான் உறுதியானது. ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. துணி முகக்கவசம் அதற்குப் பயன்படாது. என் முடிவு, வீட்டில் சாதாரண ஸ்பிரே கிளியரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதே. பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டால் அது கிளம்பிவிடும். அந்தக் குறையை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

5. பூசக்கூடாத இடங்கள்

சக்கரத்தின் பின்முகம் ஹப்பில் உட்காரும் பரப்பும், நட்டுகள் அமரும் குழிகளும் தடித்த பூச்சின்றி இருக்க வேண்டும். நடுவில் சிக்கிய பெயின்ட் ஓட்டத்தில் நசுங்க, நட்டின் இறுக்கம் தளரும். பெயின்ட் நன்றாகக் காய்ந்தபின் மாட்டி, வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.