வன்னியைக் கடந்த நிழல்கள்
பௌதிகவியல் வரலாற்று வட்டத்தின் முதலாண்டுக் கூட்டங்கள் குறித்து

நூற்றாண்டை முன்னிட்டு எமது சங்கம் தொடங்கவிருக்கும் பணிகளுள் ஒன்று பௌதிகவியல் வரலாற்று வட்டம். உயர்தர மாணவிகளும் பழைய மாணவியரும் தவணைக்கு ஒரு தடவை கூடி, நாம் படித்த விதிகளும் கையாண்ட கருவிகளும் எவ்வாறு வந்தன என்று உரையாடுவதே அதன் நோக்கம். செய்தியைக் கேட்ட பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "பௌதிகவியலின் வரலாறு இலண்டனிலும் பாரிசிலும் நடந்தது. வன்னியில் கூடி எதைப் பேசப் போகிறீர்கள்?" நியாயமான கேள்வி. முதலாண்டின் மூன்று கூட்டங்களையும் அதற்கு விடையாகவே வகுத்திருக்கிறோம்.

முதலாம் தவணை: வட்டுக்கோட்டை, 1829

அராலியில் விசுவநாத சாஸ்திரியார் என்னும் புகழ்பெற்ற பஞ்சாங்க கணிதர் வாழ்ந்தார். 1829 மார்ச்சில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தை அவருடைய பஞ்சாங்கம் முன்கூட்டியே அறிவித்திருந்தது. அயலூரான வட்டுக்கோட்டையில் செமினரியை நடத்திய அமெரிக்க மிஷனரி டானியல் பூவர், தமது கணிப்புக்கும் பஞ்சாங்கத்துக்கும் தொடங்கும் நேரத்தில் ஏறத்தாழக் கால் மணி நேர வேறுபாடு இருப்பதைக் கண்டு அதைப் பகிரங்கப்படுத்தினார். கிரகணம் பூவர் சொன்னபடி நிகழ்ந்தது.

இந்நிகழ்ச்சி மிஷனரிமாரின் எழுத்து வழியாகவே பரவியது. வென்றவர் சொல்லும் கதையை அப்படியே ஏற்பது வரலாறு ஆகாது. ஆகவே முதற் கூட்டத்தில் இரண்டு வினாக்களை எடுப்போம். தொலைகாட்டி இல்லாமல், வழிவழியாக வந்த வாக்கியங்களைக் கொண்டு கணித்த ஒருவர் கால் மணி நேரம் அளவுக்கு நெருங்கி வந்தது எவ்வாறு? அந்தக் கால் மணி நேரத்தை நீக்க என்ன தேவைப்பட்டது? சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரம் வாக்கிய பஞ்சாங்கத்தில் ஒன்றாகவும் திருக்கணிதத்தில் வேறொன்றாகவும் இருப்பதை எமது வீடுகளில் இன்றும் காண்கிறோம். மாணவிகள் அந்த இரு பஞ்சாங்கங்களையும் மேசையில் வைத்தே உரையாடலைத் தொடங்கலாம்.

இரண்டாம் தவணை: 1871 டிசம்பர் 12

இலங்கையின் முதலாவது குடிசன மதிப்பீடு நடந்த அதே ஆண்டில், ஒரு முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவைக் கடந்து யாழ்ப்பாணத்தில் கரையேறி, வன்னியின் காடுகளுக்கும் குளங்களுக்கும் மேலாகச் சென்று, திருகோணமலைப் பக்கமாகக் கடலில் இறங்கியது.

அன்றைய விஞ்ஞானிகளிடம் தீராத வினா ஒன்று இருந்தது. முழுக் கிரகணத்தின்போது சூரியனைச் சுற்றித் தெரியும் வெண்ணிற ஒளிமுடி சூரியனுக்கே உரியதா, அல்லது எமது வளிமண்டலம் காட்டும் மாயமா? விடை காண்பதற்கு ஒவ்வோரிடத்திலும் சில நிமிடங்களே கிடைக்கும். முகில் மூடினால் அதுவும் இல்லை.

அதனால் அவர்கள் ஓரிடத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. நோர்மன் லொக்கியர் தலைமையில் வந்த பிரித்தானியக் குழு பல இடங்களுக்குப் பிரிந்தது. அவர்களோடு பிறநாட்டு அறிஞர்களையும் சேர்த்தால், மலையாளக் கரையில் பேக்கல், நீலகிரி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம், திருகோணமலை என நிழலின் பாதை நெடுகிலும் கண்கள் காத்திருந்தன. உயர்தர ஆய்வுகூடத்தில் அரியத்தோடு வைத்து நாம் பழகிய திருசியமானியின் முன்னோர்களும் புகைப்படக் கருவிகளும் அவர்களுடன் வந்திருந்தன.

பேக்கலிலும் யாழ்ப்பாணத்திலும் படங்கள் நன்றாக விழுந்தன. இரண்டு இடங்களுக்கும் இடையே 600 கிலோமீற்றருக்கு மேல் தூரம். வானம் வேறு, காற்று வேறு, நேரமும் வேறு. ஆயினும் படங்களில் ஒளிமுடியின் வடிவம் ஒன்றாகவே இருந்தது. வளிமண்டலத்தின் மாயமாக இருந்திருந்தால் அப்படி அமைந்திராது. ஒளிமுடி சூரியனுடையது என்பதற்கு யாழ்ப்பாணத்துத் தட்டுகளும் சான்றாயின. அந்த ஒளியில் காணப்பட்ட பச்சைக் கோடு மட்டும் நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 13 இலத்திரன்களை இழந்த இரும்பு அணுக்களே அதை உமிழ்கின்றன என்பதும், ஒளிமுடியின் வெப்பநிலை பத்து இலட்சம் பாகையளவானது என்பதும் 1940களின் தொடக்கத்திலேயே தெளிவாயின.

யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் இடையில் நிழல் கடந்த நிலம் எங்களுடையது. வயலில் நின்றவர்களும் மாடு சாய்த்துச் சென்றவர்களும் அன்று காலை இருளைக் கண்டிருப்பார்கள். ஆனால் நாம் இன்று வாசிக்கும் வரலாற்றில் அவர்கள் இல்லை. பெண்களும் இல்லை. 26 ஆண்டுகளின் பின், 1898 ஜனவரியில், ஆனி மோண்டர் என்ற பெண்மணி மத்திய இந்தியாவின் தால்னியில் தமது சொந்தக் கமராவினால் ஒளிமுடியின் மிக நீண்ட கதிரொன்றைப் படமெடுத்தார். ஆயினும் இங்கிலாந்தின் அரச வானியற் சங்கம் பெண்களை அங்கத்தவராக ஏற்க 1916 வரை சென்றது.

மூன்றாம் தவணை: எமது சாட்சியம்

2010 ஜனவரி 15இல் வளையக் கிரகணம் ஒன்று வடக்கைக் கடந்தது. போர் முடிந்து எட்டு மாதங்கள். எங்களில் பலர் அப்போது செட்டிகுளம் முகாம்களில் இருந்தோம். 2019 டிசம்பர் 26 காலை, ஆழிப்பேரலையின் பதினைந்தாம் ஆண்டு நினைவு நாளன்று, மற்றுமொரு வளையம் கிளிநொச்சி, முல்லைத்தீவு வானில் ஏறக்குறைய மூன்று நிமிடங்கள் நின்றது. தட்டில் நீர் விட்டு உலக்கையை நிறுத்தியவர்களும், கதவைச் சாத்தி உள்ளே இருந்தவர்களும், வேப்பமர நிழலில் விழுந்த நூற்றுக்கணக்கான சிறு வளையங்களைப் பார்த்து ஊசித்துளைக் கமராவின் தத்துவத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கியவர்களும் நம்மிடையே உண்டு.

இடப்பெயர்வுகளில் எமது பாடசாலையின் ஆய்வுகூடக் குறிப்பேடுகளும் புகைப்படங்களும் அழிந்துபோயின. அவற்றை மீட்க முடியாது. ஆனால் நாம் கண்டதை நாமே எழுதி வைக்க முடியும். மூன்றாவது கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு பக்கம் அனுப்புங்கள்: எங்கே நின்றீர்கள், எதனூடாகப் பார்த்தீர்கள், வீட்டில் என்ன சொன்னார்கள் என்பவை போதும்.

நடைமுறை குறித்துச் சில வார்த்தைகள். பொதுப் பரீட்சைக் காலத்திலும் வற்றாப்பளைப் பொங்கல் வாரத்திலும் கூட்டம் வைப்பதில்லை. சனிக்கிழமை பிற்பகல் 3.30க்குத் தொடங்கினால் மாணவிகள் பொழுதுபடமுன் வீடு சேரலாம். யூலை மாதத்தில் அது இலண்டனில் முற்பகல் 11 மணி, மெல்பேர்ணில் இரவு 8 மணி. ரொறன்ரோ அக்காமார்தான் விடிய ஆறு மணிக்கு எழும்ப வேண்டும். பேசுபவர் அரை மணி நேரம் பேசினால், கேள்விகளுக்கு ஒரு மணி நேரம் விடவேண்டும். ஒவ்வொரு கூட்டத்தின் குறிப்பையும் ஒரு மாணவி எழுத, அதன் பிரதிகள் பாடசாலையிலும் வெளிநாட்டுக் கிளைகளிலும் இருக்கும். ஒரே இடத்தில் வைத்தவை என்ன ஆகும் என்பதை நாம் அறிவோம்.

இவ்வளவு முன்னாயத்தத்துக்கும் ஒரு நாள் குறித்தாயிற்று. 2031 மே 21, புதன்கிழமை, அடுத்த வளையக் கிரகணம் தென்னிந்தியாவையும் வட இலங்கையையும் தொடவிருக்கிறது. 1955 ஜூன் 20இல் ஹிங்குராக்கொடை, பொலன்னறுவைப் பகுதிகளில் கூடிய வெளிநாட்டுக் குழுக்களில் பெரும்பாலானவற்றை முகில் ஏமாற்றியது. நாமோ ஓரிடத்தில் கூடப் போவதில்லை. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு எங்கும் எமது பழைய மாணவியர் ஆசிரியைகளாக இருக்கிறார்கள். ஒவ்வொரு பாடசாலை முற்றமும் ஒரு நிலையமாகட்டும். இம்முறை நிழல் கடக்கும்போது, வன்னியில் பேனையும் கொப்பியுமாகப் பிள்ளைகள் நிற்க வேண்டும்.