கட்டுக்கம்பியின் பூர்வீகம்

மங்கலம்பேட்டையில் வீடு கட்டும் இடங்களில் கூரைக்குக் காங்கிரீட் போடுமுன் முறுக்குக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, சந்திப்புகளில் மெல்லிய கறுப்புக் கம்பியைச் சுற்றிக் கொக்கியால் முறுக்குவார்கள். அதுதான் கட்டுக்கம்பி. கால் சதவீதத்துக்கும் குறைவான கரிமம் கொண்ட எஃகை அச்சின் துளை வழியே இழுத்து மெலிதாக்குகிறார்கள். இழுக்க இழுக்க அது விறைக்கும். மீண்டும் சூடேற்றி மெல்ல ஆறவிட்டால் முறுக்கினாலும் முறியாத பதம் வரும். வயலைச் சுற்றிய முள்வேலியும் கதவில் அறையும் ஆணியும் இதன் உறவுக்காரர்களே.

இந்த எஃகின் கதையில் நம் ஜில்லாவுக்கும் ஒரு பங்குண்டு என்பது பலருக்குத் தெரியாது. விருத்தாசலத்தைத் தொட்டு ஓடும் மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகிறது. அந்தப் பரங்கிப்பேட்டையில்தான், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் உத்தியோகத்தை விட்டு வந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830இல் ஐரோப்பிய முறை இரும்பாலையை நிறுவ முனைந்தார். சேலத்துத் தாது, காட்டு மரத்தின் கரி. காடு குறையக் குறையக் கரி அரிதாயிற்று, கடனும் சேர்ந்தது. கைமாறியும் ஆலை தழைக்கவில்லை. 1870களுக்குள் உலைகள் அணைந்தன.

ஆனால் ஹீத் கண்டறிந்த ஒன்று அணையவில்லை. எஃகு உருக்கும்போது மாங்கனீசுக் கார்பைடு சேர்த்தால் மலிவான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு கிடைக்கும் என்று 1839இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு உற்பத்தியாளர்களோ மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியே கலத்தில் இட்டு அதே பலனைப் பெற்றார்கள். காப்புரிமையில் எழுதியிருந்தது வேறு பொருள் என்பது அவர்கள் வாதம். வழக்கு முடியுமுன்னரே, 1851இல், ஹீத் இறந்தார். 1855இல் பிரபுக்கள் சபையின் தீர்ப்பும் அவருக்கு எதிராகவே வந்தது.

மறு ஆண்டு பெஸ்ஸமர், உருகிய இரும்பினுள் காற்றைச் செலுத்தி மலிவாக எஃகு செய்யும் முறையை அறிவித்தார். அந்த எஃகு சுத்தியலின் கீழ் நொறுங்கியது. ராபர்ட் முஷெட் மாங்கனீசு கலந்த வார்ப்பிரும்பைச் சேர்த்து அக்குறையை நீக்கினார். கசடு இழையோடிய பழைய தேனிரும்புக் கம்பியின் இடத்தில், நீளமாக இழுக்கத்தக்க மென் எஃகுக் கம்பி வந்தது. 1874இல் அமெரிக்காவில் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றபின் அதன் தேவை பெருகியது.

அந்த மலிவு நமக்கு இன்னொரு விலை வைத்தது. கப்பலில் வந்திறங்கிய இரும்பின் முன் சேலத்துச் சிற்றுலைகள் நிற்க முடியவில்லை. தாது இங்கேயே இருந்தது. அதை உருக்கத் தெரிந்த கைகள்தாம் வேறு கூலிக்குப் போயின.

ஹீத்தைத் தியாகியாக்க வேண்டியதில்லை. அவர் லாபம் தேடி வந்தவர், நம் காடுகளை எரித்தவர். ஆனாலும் ஓர் அறிவு யாரிடம் பிறந்தது, யார் பையை நிரப்பியது என்ற கணக்கை வரலாறு எழுதத்தான் வேண்டும். சேலத்து உலைக்காரர்களுக்கு எதிர்த்து வழக்காட ஒரு காப்புரிமைகூட இருந்ததில்லை.