பறை தந்த சொல்

ஆங்கில நாளேடுகளைப் படிப்போர் 'பரையா' என்னும் சொல்லை அடிக்கடி எதிர்கொள்வர். ஊரார் விலக்கியவன், உலகம் ஒதுக்கிய அரசு என்பன அதன் இன்றைய பொருள்கள். நம் தெருநாய்க்கும் அதனையே அடையாக்கினர் ஆங்கிலேயர். தமிழிலிருந்து அங்குச் சென்ற சுருட்டும் மிளகுத்தண்ணீரும் பொருள் பிறழவில்லை. இச்சொல்லோ ஒரு மக்களின் பெயரையே வசையாக்கிவிட்டது.

பறை என்பது இசைக்கருவி. தொல்காப்பியர் அதனைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தார். புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் சிறப்பித்துக் கூறும் நான்கு குடிகளுள் பறையன் குடியும் ஒன்று; இழிவின் சாயலே அங்கில்லை. பறைதல் என்றால் சொல்லுதல். குமரி மாவட்டத்துப் பேச்சிலும் மலையாளத்திலும் அவ்வினை இன்றும் வாழ்கிறது. சொல்லையே தொழிலாகக் கொண்ட நம் வட்டத்தார் இவ்வுறவை மறத்தல் ஆகாது.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சொல் ஆங்கிலத்தில் புகுந்தபோது, அது ஒரு சாதியின் பெயர் மட்டுமே. 'விலக்குண்டவன்' என்னும் பொதுப்பொருள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தோன்றுகிறது. இடையில் நிகழ்ந்தது இலக்கியத்தின் செயல். பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தென் த சேன்பியர் 1790களின் தொடக்கத்தில் 'இந்தியக் குடிசை' என்னும் கதையை வெளியிட்டார். உண்மையைத் தேடிவந்த ஆங்கில அறிஞர் பண்டிதர்களிடம் ஏமாந்து, புயலுக்கு ஒதுங்கிய குடிசையில் ஒரு பறையரிடம் அதனைப் பெறுகிறார். பின்னர் தெலாவீஞ் 1821இல் நாடகமாகவும், தொனிசெத்தி 1829இல் இசைநாடகமாகவும் 'பறையனை' மேடையேற்றினர். நோக்கம் பரிவே; எனினும் அப்பரிவுதான் பெயரைத் துயரின் மறுபெயராக நிலைநிறுத்திற்று என்பது என் கருத்து. 1886இல் வெளிவந்த 'ஆப்சன் சாப்சன்' அகராதி, முரசறைவோன் என்பதே சொல்லின் நேர்பொருள் என எழுதியும் பயனில்லை.

பெயருக்குரியோர் வாளாவிருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் சூட்டினார். அயோத்திதாசப் பண்டிதரோ அப்பெயரை ஏலாது, தம்மவரைப் பூர்வ பௌத்தர் என்றார். எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் சென்னை அரசு தன் ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' என எழுத ஆணையிட்டது.

சீனிவாசனின் வழியை ஐரோப்பாவிலும் ஒருவர் மேற்கொண்டார். யூதரான அன்னா ஆரெண்ட், 1944இல் எழுதிய கட்டுரையில் தம் மக்களின் கலகக்காரரை இப்பெயராலேயே பெருமைப்படுத்தினார். நிறவெறிக் காலத்துத் தென்னாப்பிரிக்க அரசையும் ஏடுகள் 'பரையா' நாடு என்றே எழுதின. ஒதுக்கப்பட்டோரின் பெயர், ஒதுக்கியோரைப் பழிக்கப் பயன்பட்டது! அங்குக் கறுப்பர் வாழிடங்களைப் பிரித்தவர்களுக்கும், இங்கு ஊர்ப்புறத்தே சேரியில் வைக்கப்பட்டவர்களுக்கும் ஒரே பெயர்.