நாயைக் கட்டிலில் படுக்க விடலாமா? ஒரு வரலாற்று வாத்தியாரின் பதில்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள். "சார், எங்க வீட்டு நாய் ராத்திரியானா கட்டில்ல ஏறிப் படுத்துக்குது. பிள்ளைங்க இருக்கட்டும்ங்கறாங்க. மாமியார் கூடவே கூடாதுங்கறாங்க. நீங்க என்ன சார் சொல்றீங்க?" நான் வரலாற்று வாத்தியார், மாட்டு டாக்டர் இல்லையம்மா என்று சிரிப்புப் பொம்மை ஒன்றைப் போட்டு அனுப்பிவிட்டேன். ஆனால் அது நழுவல் பதில். உண்மையில் அதே கேள்வி என் வீட்டிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் கருப்பனை உங்களில் பலருக்குத் தெரியும். எட்டு வருடத்துக்கு முன்னால் மழையில் நனைந்து வாசலில் வந்து நின்ற தெருக்குட்டி. உங்கள் டீச்சரம்மாதான் சோறு போட்டு வளர்த்தாள். ஆனால் கண்டிப்பான ஒரு சட்டம் வைத்திருந்தாள்: வாசற்படியைத் தாண்டக் கூடாது. கருப்பனும் தாண்டியதில்லை. போன ஆவணியில் அவள் போய்ச் சேர்ந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் எல்லாம் கிளம்பிப் போன அன்று ராத்திரி, கருப்பன் முதல் தடவையாகப் படியைத் தாண்டி உள்ளே வந்து அவள் கட்டிலுக்குக் கீழே படுத்தது. மறுநாள் கட்டில் மேலேயே ஏறிவிட்டது. எனக்கு விரட்ட மனசு வரவில்லை.

விஷயம் தெரிந்ததும் வெளியூரில் இருக்கும் மகன் போனில் சத்தம் போட்டான். "அப்பா, உங்களுக்கு ஏற்கெனவே இழுப்பு இருக்கு. நாயைப் படுக்கையில சேர்க்காதீங்க." அவன் சொல்வதும் நியாயம். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். நமக்கு முன்னால் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று புரட்டிப் பார்த்தேன்.

முதலில் மிகப் பழைய சாட்சிகள். ஜெர்மனியில் பான் நகரத்துக்கு அருகே ஓபர்காசல் என்ற இடத்தில் 1914-இல் கல் உடைத்தவர்கள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முந்தியது. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. அந்தக் குட்டியின் பற்களை ஆராய்ந்தவர்கள் 2018-இல் ஒரு செய்தி சொன்னார்கள். அதற்குக் கடுமையான நோய் வந்திருக்கிறது. இன்று நம் கால்நடை மருத்துவர்கள் டிஸ்டெம்பர் என்று சொல்லும் நோய். யாராவது பக்கத்தில் இருந்து தண்ணீர் கொடுத்து, துடைத்து, சூடாக வைத்துப் பார்த்துக்கொள்ளாமல் அது அத்தனை வாரம் பிழைத்திருக்க முடியாது. வேட்டைக்கு உதவாத, காவலுக்கும் ஆகாத ஒரு நோயாளிக் குட்டி அது. விவசாயமே தெரியாத மனிதர்கள் அதற்குப் பணிவிடை செய்திருக்கிறார்கள்.

இஸ்ரேலின் வடக்கே அய்ன் மல்லாஹா என்ற இடத்தில் இன்னொரு புதைகுழி. சுமார் 12,000 ஆண்டு பழமை. வயதான ஒருவர் பக்கவாட்டில் படுத்த நிலையில் இருக்கிறார். அவருடைய கை ஒரு குட்டியின் மேல் வைக்கப்பட்டிருக்கிறது. பாடம் நடத்தின காலத்தில் இந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். 'விலங்குகளைப் பழக்கியதற்குச் சான்று' என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். இப்போதுதான் அந்தக் கையைச் சரியாகப் பார்க்கிறேன்.

அடுத்து, குளிர்நாட்டுக் கதை. அங்கே நாய் படுக்கையில் ஏறியதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. நாயின் உடம்புச் சூடு நம்முடையதைவிடக் கொஞ்சம் அதிகம். கணப்பு அணைந்துபோகும் இரவில் அது நல்ல போர்வை. 1570-இல் ஜான் கேயஸ் என்ற ஆங்கில மருத்துவர் தம் நாட்டு நாய்களைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். பெரிய இடத்துப் பெண்கள் மடியிலும் படுக்கையிலும் வைத்துக்கொள்ளும் குட்டி நாய்களை அதில் கேலி செய்கிறார். ஆனால் அவரே, அந்த நாயை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் வயிற்று வலி தணியும் என்றும் எழுதுகிறார். நம் பாட்டிமார் கொடுக்கும் வெந்நீர் ஒத்தடம்தான், நாலு காலோடு!

ராஜாக்களில் பிரஷ்யாவின் மாமன்னர் பிரெடரிக்கை மறக்க முடியாது. ஒன்பதாம் வகுப்பில் 'ஏழாண்டுப் போர்' என்று மனப்பாடம் செய்தீர்களே, அதே பிரெடரிக். அவருடைய மெலிந்த வேட்டை நாய்கள் அரண்மனை நாற்காலியிலும் அவர் படுக்கையிலும் தாராளமாகப் படுத்தன. 1745-இல் சூர் என்ற இடத்தில் நடந்த போரில் 'பீஷ்' என்ற அவருடைய செல்ல நாயை ஆஸ்திரியர்கள் பிடித்துக்கொண்டு போய், பிறகு திருப்பி அனுப்பினார்கள். சான்சூசி அரண்மனை மாடித் தோட்டத்தில், தன் நாய்களின் கல்லறைகளுக்குப் பக்கத்தில் தன்னையும் புதைக்க வேண்டும் என்று உயிலே எழுதிவைத்தார் அந்த மனிதர். 1786 ஆகஸ்ட் 17-இல் இறந்தார். பட்டத்துக்கு வந்த தம்பி மகன் அந்த ஆசையை நிறைவேற்றவில்லை. அரசருக்கு அது கௌரவமாகாது என்று தேவாலயத்தில் அவருடைய அப்பாவின் பக்கத்தில் புதைத்தார். வாழ்நாள் முழுக்க அந்த அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஆகாது! பிறகு உலகப் போர் வந்தது, சவப்பெட்டி ஊர் ஊராக அலைந்தது. இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான பிறகு, 1991 ஆகஸ்ட் 17-ஆம் தேதி இரவு, செத்து 205 வருடம் கழித்து, அவர் தன் நாய்களின் பக்கத்தில் போய்ப் படுத்தார்.

நம்மை ஆண்ட விக்டோரியா மகாராணியும் 1901 ஜனவரி 22-இல் கண்ணை மூடியபோது 'டூரி' என்ற பொமரேனியன் நாய் அவருடைய படுக்கையிலேயே இருந்தது.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நம்மவர்கள் நாயை வாசலில்தானே வைத்தார்கள்" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வாசலில் வைத்தார்கள் என்பது சரி. ஆனால் குறைவாக வைத்தார்கள் என்று நினைத்தால் தப்பு. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்ற ஊர். அங்கே பல்லவ மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கருந்தேவகத்தி என்ற வீரன் தன் எருமைகளைக் காக்கப் போராடி உயிரை விட்டான். அவனுக்கு எடுத்த கல்லில் அவனுடைய நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். கள்ளர்களைக் கடித்து, காவல் நின்ற நாய் என்று கல்லே சொல்கிறது. யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் பிறந்து மடிந்த எத்தனை ஆயிரம் மனிதர்களின் பெயர் நமக்குத் தெரியும்? ஒரு நாயின் பெயர் தெரிகிறது.

இன்னொரு கல் கர்நாடகத்தில், மண்டியா மாவட்டத்து ஆதகூரில் நட்டது. 949-இல் தக்கோலப் போரில் நம் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே மாண்டான் அல்லவா? அந்தப் போரில் எதிர்ப்பக்கம் நின்ற மணலேரன் என்ற வீரனிடம் என்ன பரிசு வேண்டும் என்று கேட்டபோது, அவன் ஊரையோ பொன்னையோ கேட்கவில்லை. 'காளி' என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கினான். அந்தக் காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டுமே செத்தன. அதற்கு நட்ட கல்லுக்கு நிலம் விட்டு, பூசைக்கும் ஏற்பாடு செய்தார்கள். அந்தக் கல் இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆக, நம் ஊரில் நாய்க்குக் கல் உண்டு, பெயர் உண்டு, பூசை உண்டு. படுக்கை மட்டும் இல்லை. ஏன்? எனக்குத் தெரிந்தவரை மூன்று காரணம் சொல்வேன்.

ஒன்று, வெயில். போர்வையாக ஒரு நாய் நமக்குத் தேவைப்படவில்லை. இரண்டு, படுக்கை என்றே தனியாக ஒன்று நமக்குக் கிடையாது. என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கட்டில், அதுவும் தாத்தாவுக்கு. மற்ற பதினோரு பேரும் கூடத்தில் பாய் விரித்து வரிசையாகப் படுத்தோம். நாய் திண்ணையில் படுத்தது. கோடையில் நாங்களும் வாசலுக்கே போய்விடுவோம். அப்போது நாய்க்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம் தூரம்கூட இராது. 'நாயைக் கட்டிலில் விடலாமா' என்ற கேள்வியே, அறைக்கு ஒரு கட்டில் வந்த பிறகு பிறந்த கேள்வி.

மூன்றாவது காரணம்தான் பெரியது: வெறிநாய்க்கடி. இந்த நோய் மனிதருக்கு வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய் வழியாகத்தான். நோயின் அறிகுறி வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. இப்படி இருந்தால் எந்தத் தாய் பிள்ளை பக்கத்தில் நாயை விடுவாள்? 1885 ஜூலை 6-ஆம் தேதி பாரிசில் லூயி பாஸ்டர், ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார். பையன் பிழைத்தான். அந்த வெளிச்சம் 1907-இல் நம் குன்னூருக்கு வந்தது, பாஸ்டர் நிறுவனமாக. 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் ஆட்டு மூளையிலிருந்து தடுப்பு மருந்து செய்தார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று ஊரே நடுங்கியதே, அதுதான். என் பெரியப்பா மகனுக்குப் போட்டபோது நான் துணைக்குப் போயிருக்கிறேன். பத்து வயசு. அவன் அலறியதை விட, திரும்பி வந்ததும் பெரியம்மா எங்கள் நாயைப் பார்த்த பார்வைதான் இன்னும் ஞாபகம் இருக்கிறது. கடித்தது எங்கள் நாய் இல்லை, யாருடையதோ. ஆனாலும் அன்றிலிருந்து அது திண்ணையிலும் ஏறக் கூடாது என்றாகிவிட்டது.

அந்தப் பழைய மருந்து 2005-க்குள் நம் நாட்டில் கைவிடப்பட்டது. இப்போது கையில் நான்கைந்து ஊசியோடு முடிந்துவிடுகிறது. நாய்க்கும் மூன்று மாதத்தில் தடுப்பூசி போட்டு, வருடந்தோறும் தொடர முடிகிறது. உங்கள் டீச்சரம்மாவின் வாசற்படிச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று இப்போது எனக்குப் புரிகிறது. அது வெறுப்பு இல்லை. தடுப்பூசி இல்லாத காலத்துத் தாய்மார் கண்டுபிடித்த தடுப்பு அது.

அப்படியென்றால் இப்போது கட்டிலில் விடலாமா? அமெரிக்காவில் மேயோ கிளினிக்காரர்கள் 2017-இல் நாற்பது பேரை ஏழு இரவு கவனித்தார்கள். நாய் அறைக்குள் இருந்தால் தூக்கம் பெரிதாகக் கெடவில்லை. கட்டிலுக்கு ஏறியபோது கொஞ்சம் குறைந்தது. எனக்கு இந்த ஆராய்ச்சி தேவையில்லை. கருப்பன் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து, மூன்று சுற்று சுற்றி, என் காலை ஓரம் தள்ளிவிட்டுப் படுப்பது எனக்கே தெரியும்!

மாணவிக்கு என் பதில் இதுதான். கைக்குழந்தை இருந்தால் வேண்டாம். ஆஸ்துமா, தோல் அலர்ஜி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் இருந்தால் வேண்டாம். இல்லையென்றால் வெறிநாய்த் தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணி பார்ப்பது இந்த மூன்றையும் தவறாமல் செய்துவிட்டு, உங்கள் சௌகரியம்போல முடிவு செய்யுங்கள். யாருடைய நாயானாலும் கடித்தாலோ பிராண்டினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாமியாரை மட்டும் பழைய பஞ்சாங்கம் என்று சொல்லாதே அம்மா. அவர் பயப்படுவதற்கு வரலாறு இருக்கிறது. தடுப்பூசி அட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு பேசு.

கருப்பன் விஷயத்தில் மகன் சொன்னதையும் கேட்க வேண்டியிருந்தது. நெஞ்சில் இழுப்பு எனக்குத்தானே. கட்டில் வேண்டாம் என்று முடிவு செய்தேன். திருப்பி வாசலுக்கு அனுப்பவும் முடியவில்லை. டீச்சரம்மாவின் பழைய நூல்சேலை ஒன்றை நாலாக மடித்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் விரித்தேன். இரண்டு நாள் முறைத்தது. மூன்றாம் நாள் அதில் மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டுப் படுத்தது. இப்போது அங்கேதான் தூங்குகிறது. சட்டத்தைப் பாதி மீறிவிட்டேன். அவள் இருந்திருந்தால் பாதிதானே என்று விட்டிருப்பாள்.

ராத்திரி விழிப்பு வந்தால் கையைக் கீழே தொங்கவிடுவேன். அதன் தலை தட்டுப்படும். கொஞ்ச நேரம் அப்படியே கையை வைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

உங்கள் வீட்டில் நாய் எங்கே படுக்கிறது, அந்த இடத்தை யார் முடிவு செய்தார்கள் என்று எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துவேன், பழக்கம் போகவில்லை!

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்