ஒரு ஷில்லிங் பெற்ற விமர்சகன்

கடந்த பாடசாலை விடுமுறையின்போது தம்பியின் குடும்பத்தினர் கொழும்பிலுள்ள எமது வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தனர். பதினொரு வயதான எனது பெறாமகள் வந்த அன்றே தடித்த ஆங்கில நாவல் ஒன்றுடன் மூலையில் அமர்ந்துவிட்டாள். சாப்பிட அழைத்தால் "இந்த அத்தியாயம் முடியட்டும், பெரியப்பா" என்பதே பதிலாக இருந்தது. அது ரிக் ரியோர்டன் எழுதி 2005 ஆம் ஆண்டில் வெளிவந்த 'பெர்சி ஜக்சன்' வரிசையின் முதல் நூல். "இப்படியான கதைகளால் என்ன பயன்?" என்று பெரியவர்களுக்கே உரிய தோரணையில் கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "நீங்கள் வாசிச்சனீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப எப்படிச் சொல்லுறீங்கள்?" என்று கேட்டுவிட்டு மீண்டும் புத்தகத்தில் மூழ்கிவிட்டாள்.

அந்தக் கேள்வி என்னை விட்டகலவில்லை. சிறுவர் நூலொன்றின் தரத்தைத் தீர்மானிப்பவர் யார்? எழுதுபவரும் அச்சிடுபவரும் விலை கொடுத்து வாங்குபவரும் பெரியவர்களே. வாசிப்பவர் மட்டுமே சிறுவர். ஆயினும், வாசிப்பவரின் சொல்லுக்குச் செவிசாய்க்கப்பட்ட சில தருணங்கள் பதிப்புலக வரலாற்றையே மாற்றியுள்ளன.

1936 ஆம் ஆண்டு இலண்டனில், அலன் அன்ட் அன்வின் பதிப்பகத்தின் தலைவர் ஸ்டான்லி அன்வினிடம் ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் டொல்கினின் கையெழுத்துப் பிரதி ஒன்று வந்து சேர்ந்தது. சிறுவர் நூலுக்குச் சிறுவரே சிறந்த நீதிபதிகள் என்பது அன்வினின் கொள்கை. எனவே பிரதியைப் பத்து வயதான தமது மகன் ரெய்னரிடம் கொடுத்தார். அவன் வாசித்து, எழுத்துப் பிழைகளுடன் கூடிய சிறியதோர் அறிக்கையை எழுதிக் கொடுத்தான். அதற்காக அவனுக்குக் கிடைத்த ஊதியம் ஒரு ஷில்லிங். 1937 செப்டெம்பரில் 'தி ஹொபிட்' வெளிவந்தது. முதற்பதிப்பின் 1,500 பிரதிகளும் அவ்வாண்டு டிசெம்பருக்குள் விற்றுத் தீர்ந்தன.

அறுபது ஆண்டுகள் கழித்து அதே இலண்டனில் ஏறக்குறைய அதே நிகழ்வு மீண்டும் நடந்தது. பெயரறியாத பெண்ணொருவர் எழுதிய மாயாஜால நாவலைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பியிருந்தன. புளூம்ஸ்பரி பதிப்பகத்தின் தலைவர் நைஜல் நியூட்டன் அதன் தொடக்கப் பகுதியை வீட்டுக்கு எடுத்துச் சென்று எட்டு வயதான தமது மகளிடம் கொடுத்தார. அவள் அதை வாசித்து முடித்ததும் மிகுதியைத் தரும்படி நச்சரிக்கத் தொடங்கினாள். 1997 ஜூன் 26 இல் முதலாவது ஹரி பொட்டர் நூல் வெளிவந்தது. கெட்டி அட்டையில் அச்சிடப்பட்டவை வெறும் 500 பிரதிகளே. பின்னர் அவ்வரிசை உலகெங்கும் 50 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையானதை அனைவரும் அறிவர்.

இங்கு மற்றொரு விடயத்தையும் குறிப்பிட வேண்டும். பெண் எழுதிய நூலை ஆண் பிள்ளைகள் வாசிக்கமாட்டார்கள் என்று அஞ்சிய பதிப்பாளர்கள், ஜோன் ரோலிங் என்ற பெயரை முதலெழுத்துகளுக்குள் மறைத்தனர். நூலின் ஆசிரியர் பெண் என்பது வெளிப்பட்ட பின்னரும் ஆண் பிள்ளைகள் வாசிப்பை நிறுத்திவிடவில்லை. சிறுவர்களைப் பற்றிப் பெரியவர்கள் கொண்டிருந்த கணிப்பே பிழைத்தது.

பதின்ம வயதினரின் நாவலுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் வாழ்ந்த சூசன் ஹின்டன் என்ற மாணவிக்குத் தன் வயதினருக்கெனக் கிடைத்த நூல்கள் திருப்தியளிக்கவில்லை. அவற்றில் தான் கண்ட வாழ்க்கை இல்லை என்று கருதிய அவர், பதினைந்து வயதில் தாமே எழுதத் தொடங்கினார். 1967 இல் 'தி அவுட்சைடர்ஸ்' வெளிவந்தது. அவரது பெயரும் முதலெழுத்துகளாகவே அச்சிடப்பட்டது. 1980 இல் கலிபோர்னியாவின் பாடசாலை ஒன்றைச் சேர்ந்த மாணவர்கள் கையொப்பமிட்டு, இந்நாவலைப் படமாக்குமாறு இயக்குநர் பிரான்சிஸ் போர்ட் கொப்பொலாவுக்கு மனுவொன்றை அனுப்பினர். 1983 இல் படம் திரைக்கு வந்தது.

பெறாமகளின் கையிலிருந்த நூலும் இந்தப் பரம்பரையைச் சேர்ந்ததே. பாடசாலை ஆசிரியராயிருந்த ரியோர்டன், வாசிப்பதில் இடர்ப்பட்ட தமது மகனுக்கு இரவில் கிரேக்கப் புராணக் கதைகளைச் சொல்லி வந்தார். கதைகள் தீர்ந்தபோது மகன் புதிதாகக் கேட்டான். அவ்வாறு பிறந்தவனே பெர்சி ஜக்சன். மகனுக்கிருந்த அதே இடர்ப்பாடு கதாநாயகனுக்கும் உண்டு.

சிறுவரின் தீர்ப்பு எப்போதும் சரியானது என்று நான் வாதிடவில்லை. ஐந்து முதல் ஒன்பது வயது வரையானோருக்கு 'தி ஹொபிட்' பிடிக்கும் என்று ரெய்னர் எழுதியிருந்தான். அக்கணிப்பைக் கடந்து முதியோரும் அதை வாசித்தனர். ஆனால் அவன் வாசித்துவிட்டே தீர்ப்பளித்தான். நானோ வாசிக்காமல் தீர்ப்பளித்தேன்.

இது எனக்கு முதல் தடவையும் அல்ல. தொண்ணூறுகளில், இளம் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில், ஒரு பத்திரிகையின் சிறுவர் பகுதி என் பொறுப்பில் இருந்தது. ஒருநாள் மலையகத் தோட்டப் பாடசாலை மாணவி ஒருத்தியிடமிருந்து தபாலட்டை வந்தது. எமது கதைகள் எல்லாம் புத்திமதியிலேயே முடிகின்றன என்றும், எப்போதோ வெளிவந்த பேய்க்கதை மட்டும் பிடித்திருந்தது என்றும், அதைப் போல இன்னும் போடுமாறும் எழுதியிருந்தாள். நான் சிரித்துவிட்டு அதைக் குப்பைக் கூடையில் இட்டேன். அடுத்த வாரமும் புத்திமதிக் கதையே அச்சாயிற்று. அதன் பின்னர் அவளிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. ஒரு ஷில்லிங் பெறுமதியான அறிக்கை என் மேசைக்கு இலவசமாகவே வந்திருந்தது; அதன் பெறுமதியை நான் அறியவில்லை.

விடுமுறை முடிந்து புறப்படும்போது பெறாமகள் அந்த நூலை எனது மேசையில் வைத்துவிட்டுச் சென்றாள். இதுவரை நூற்றிருபது பக்கங்கள் வாசித்துள்ளேன். வாசித்து முடித்த பின்னரே அவளுடன் தொலைபேசியில் அதைப் பற்றிப் பேசுவதாக இருக்கிறேன்.