துடைப்பம் ஏந்திய மன்னர்கள்

ஆஷாட மாதத்துச் சுக்கிலபட்சத் துவிதியையன்று, பூரி நகரத்துப் பெருவீதியில் பலபத்திரர், சுபத்திரை, ஜகந்நாதர் ஆகிய மூவருடைய மரத்தேர்களும் அணிவகுத்து நிற்க, வடம் பிடிக்க லட்சோபலட்சம் ஜனங்கள் காத்திருக்கும் வேளையில், பூரி அரச மரபினரான கஜபதி மன்னர் வெள்ளுடை தரித்துப் பல்லக்கில் வந்திறங்கி, ஒவ்வொரு தேராக ஏறி, பொற்பிடியிட்ட துடைப்பத்தால் தேர்த்தட்டைப் பெருக்குகிறார். சந்தன நீரும் மலரும் தூவப்பெற்று, சேரா பஹரா என்னும் இக்கைங்கரியம் நிறைவேறிய பின்னரே தேர்கள் நகரும்.

இவ்வழக்கத்தின் பின்னே ஒரு ராஜதர்மம் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பூரியில் ஜகந்நாதரின் பெருங்கோயிலை எழுப்பிய அனந்தவர்மன் சோடகங்கன், சோழ அரசிளங்குமரி இராசசுந்தரியின் புதல்வன். கலிங்கத்துப் பரணி பாடும் போரில் சோழர் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானிடம் தோற்றவனும் அவனே. அவன் மரபில் வந்த மூன்றாம் அனங்கபீமன், 13ஆம் நூற்றாண்டில் ராஜ்யத்தை ஜகந்நாதருக்கே சமர்ப்பித்து, அப்பெருமானின் பிரதிநிதியாகவே தான் ஆள்வதாகச் சாற்றினான். இதனால் அரசனை எதிர்ப்பது தெய்வத் துரோகமாயிற்று என்பது மெய்யே. ஆயினும், நாடு தன் உடைமையன்று என்று ஆள்பவனே ஊரறிய ஒப்புக்கொண்ட அந்தச் சொல், அவனையும் அவனுக்குப் பின் வந்த அரசர்களையும் ஒருங்கே கட்டிற்று.

1466 முதல் 1497 வரை ஆண்ட புருஷோத்தம தேவனைப் பற்றி ஒடிய மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை, அரசன் தெய்வத்தின் ஊழியனே என்னும் இக்கோட்பாட்டை நன்கு விளக்கும். துடைப்பம் பிடிப்பவனுக்குப் பெண் கொடேன் என்று காஞ்சி வேந்தன் மறுத்துவிட, சினங்கொண்ட புருஷோத்தமன் படையெடுத்து வென்று, இளவரசி பத்மாவதியைச் சிறைகொணர்ந்து, அவளை ஒரு துப்புரவாளனுக்கே மணமுடித்து வைக்குமாறு மந்திரிக்கு ஆணையிட்டான். மந்திரியோ தேர்த்திருவிழா வரும்வரை பொறுத்திருந்து, மன்னன் தேரைப் பெருக்கிக்கொண்டிருந்த தருணத்தில் அவளை அவனுக்கே மாலையிடச் செய்தானாம். தேரைப் பெருக்குவதைப் பெருமையாகக் கொண்டவனும், துப்புரவாளனுக்கு மனைவியாவதைத் தண்டனையாகவே கருதினான் என்பதைக் கதை நமக்குக் காட்டிவிடுகிறது.

சரித்திரத்திலும் அந்த முரண் நீடித்தது. அரசன் துடைப்பம் ஏந்திய அதே ஊரில், துடைப்பத்தையே ஜீவனமாகக் கொண்டோருக்குக் கோயில் கதவு அடைபட்டிருந்தது. 1934 மே மாதத்தில் தீண்டாமை ஒழிப்புக்கான தம் பாதயாத்திரையைப் பூரியிலிருந்தே தொடங்கிய காந்தியடிகள், அரிஜனங்கள் புக முடியாத அந்த ஆலயத்தினுள் தாமும் புகவில்லை. அச்சந்நிதியின் தலையாய ஊழியர் மன்னரே என்னும் கோட்பாட்டுக்கு அதனினும் கடுமையான பரீட்சை வந்ததில்லை. நாடு விடுதலை பெற்றதையொட்டிச் சட்டம் வந்துதான் அக்கதவைத் திறந்தது.

அரசுரிமை மறைந்தும் சேரா பஹரா இன்றளவும் நடந்துவருகிறது, நடக்கவும் வேண்டும். உயர்ந்த ஆசனத்தில் இருப்பவர் ஊரார் கண்முன் குனிந்து வேலை செய்வது, ஆயிரம் உபதேசங்கள் புகட்ட மாட்டாத பாடத்தைப் புகட்டும். ஆனால், தலைமை என்பது தொண்டே என்று நாம் மெய்யாகவே நம்புவோமாயின், திருநாளில் பெருக்கும் கைக்குச் செய்யும் மரியாதையை அன்றாடம் பெருக்கும் கைகளுக்கும் கூலியிலும் குடியிருப்பிலும் சமபந்தியிலும் உறுதிசெய்வதே ஆள்வோரின் முதற்கடமையாகும். அதைச் செய்யாத தலைமை, எத்தனை முறை குனிந்தாலும் தொண்டாகாது.