கல்வராயன் மலையில் கிறித்தவத் திருப்பணியும் உள்ளூர்த் தலைமை உருவாக்கமும்

முன்னுரை

தமிழகக் கிறித்தவ வரலாறு பெரும்பாலும் தரங்கம்பாடி, தஞ்சாவூர், திருநெல்வேலி ஆகிய பகுதிகளை மையமிட்டே எழுதப்பட்டுள்ளது. உள்ளூர்த் தலைமை பற்றிய ஆய்வுகளும் 1733இல் ஆரோன் குருப்பட்டம் பெற்றது, 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பெற்றது ஆகிய சமவெளி நிகழ்வுகளையே சான்றாகக் கொள்கின்றன. மலைவாழ் மக்களிடையே திருச்சபைத் தலைமை எவ்வாறு உருவாயிற்று என்னும் வினா அதிகம் எழுப்பப்படவில்லை. கரியாலூர், வெள்ளிமலை முதலிய ஊர்களை உள்ளடக்கிய கல்வராயன் மலையை முன்வைத்து அவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையின் அதிகார அமைப்பு

கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்னும் வாய்மொழி மரபினர். ஊர் நிர்வாகம் மரபுவழி ஊர்க்கவுண்டரிடம் இருந்தது. அதற்கு மேல் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சி நிலவியது. அரசு 1976இல்தான் இம்மலையைத் தன் நேரடி நிர்வாகத்தின்கீழ்க் கொணர்ந்தது. ஆகவே, நாடு விடுதலை பெற்ற பின்னரும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இம்மக்கள் வரிக்கும் வெட்டி வேலைக்கும் உட்பட்டிருந்தனர். திருப்பணி இங்கு நுழைந்தது இக்காலப்பகுதியிலேயே ஆகும்.

கொல்லிமலை முன்மாதிரி

இதன் தொடக்கம் கொல்லிமலையில் உள்ளது. ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் எவிலின் பிராண்டும் 1913இல் மணம்புரிந்து அங்குக் குடியேறினர். மருத்துவம், பள்ளி, வேளாண்மை, கைத்தொழில் ஆகியவற்றோடு இணைந்ததாகவே அவர்தம் சமயப்பணி அமைந்தது. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிய சமவெளிப் பணியாளர்களை மட்டும் நம்பி அங்குப் பணியாற்ற இயலவில்லை. மலைமக்களின் பிள்ளைகளைக் கற்பித்து ஆளாக்குவது இதனால் இன்றியமையாததாயிற்று. 1929இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலால் இறந்தார்.

கொல்லி, பச்சை, பெரியமலை, சித்தேரி, கல்வராயன் ஆகிய ஐந்து மலைகளிலும் பணி செய்வது அவ்விருவரின் திட்டமாக இருந்தது. 1947இல் மிஷன் பணியிலிருந்து ஓய்வுபெற்ற எவிலின், ஏறத்தாழ 68ஆம் வயதில், தம் சொந்தப் பொறுப்பில் கல்வராயன் மலைக்குச் சென்றார். இடுப்பெலும்பு முறிந்த பின்னரும் இரு மூங்கில் கோல்களை ஊன்றி மலையூர்களில் பணியைத் தொடர்ந்தார். 1974இல் தம் 95ஆம் வயதில் காலமானார்.

இருவகைத் தலைமைகள்

ஊர்க்கவுண்டரின் தலைமை பிறப்பால் அமைவது. நிலம், மணவுறவு, வழிபாடு ஆகிய மூன்றையும் ஒருங்கே பிணைப்பது. திருச்சபை முன்வைத்த தலைமையோ எழுத்தறிவால் அமைவது. மறைநூலை வாசிக்கக் கற்றவரால் வரிச்சீட்டையும் மனுவையும் வாசிக்க இயலும். எழுத்தறியாமை ஆள்வோர்க்கு வசதியாக இருந்த நிலப்பகுதியில் இது சமய எல்லையைக் கடந்த பொருளுடையது. எனினும் இவ்வாறு உருவானவர் தம் ஊரின் வழிபாட்டிலிருந்து விலகினார். அவ்விலகல் மணவுறவையும் ஊர்ச்சபையில் அவருக்குரிய இடத்தையும் பாதிக்கக்கூடியது. ஆதலின், புதிய தலைமை பெற்றுத் தந்த விடுதலையையும் அது கோரிய விலையையும் சேர்த்தே மதிப்பிடுதல் வேண்டும்.

சான்றுகளின் சாய்வு

டாரதி கிளார்க் வில்சன் எழுதிய எவிலினின் வாழ்க்கை வரலாறு போன்ற நூல்கள் மிஷனரியின் மனவுறுதியை நடுநாயகமாக்குகின்றன. முதுமையில் அவரைச் சுமந்து சென்றவர், வழிகாட்டியவர், மருந்தளித்தவர், பாடம் நடத்தியவர் ஆகியோர் இவ்வகை வரலாறுகளில் துணைமாந்தராகவே நிற்கின்றனர். முதிய பெண்மணி ஒருவர் தனித்து ஐந்து மலைகளில் பணியாற்றினார் என்னும் கூற்று, அப்பணியின் பெரும்பங்கு பிறர் கைகளால் நடந்தது என்பதையே மறைமுகமாக உணர்த்துகின்றது.

முடிவுரை

கல்வராயன் மலையின் திருப்பணி வரலாற்றை எவிலினின் அர்ப்பணிப்பாக மட்டும் வாசிப்பது, அம்மலைமக்களை மீண்டும் பயனாளிகளாகவே நிறுத்திவிடும். தலைமை உருவாக்கத்தின் வெற்றியை அளக்க, மிஷனரி சென்ற பின் ஊரில் எஞ்சி நின்றவர் யார் என்பதையே அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தும். மலையூர்ச் சபைகளின் பதிவேடுகளும் முதியோரின் வாய்மொழிகளும் தொகுக்கப்பெறும்போதுதான் அவ்வரலாறு முழுமை பெறும்.